பிரசாதம் சாப்பாட்டில் சேர்த்தியா?

இன்று காலை காலரா ஊசி போட வந்த நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனை பட்டதும் ஊசி பயம் போய் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஊரில் மற்ற பெண்கள் விடிந்ததும் டிகாக்ஷன் போடுவார்கள். நான் கொல்லையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி உங்கள் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் எழுதுவாளா என்று முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள், நீங்களே போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு என்ன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் உங்களுக்கு நீரிழிவு என்று தெரிந்தது. தேரடி வீதி டாக்டர் கண்ணாடிக் குழாயும் ஒரு நீல மருந்தும் கொடுத்து, சோதனை செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தார். மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. கோயிலில் உங்கள் பூஜை முறை வரும் நாட்களில் செங்கல் தவிர வேறு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். நீங்களும் சங்கல்பம் சொல்வது போல ஒன்று விடாமல் ஒப்பிப்பீர்கள். அதில் ஒரு பொய்யும் கிடையாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு இன்சுலினைக் கூட்டுவார். நான் என் பங்குக்குச் சோற்றைக் குறைத்தேன், சர்க்கரை டப்பாவை உங்கள் தம்பி வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

அந்த வருஷம் தீபத்துக்கு உங்கள் முறை நீண்டுபோனது. இன்சுலின் ஊசியின் அளவும் ஏறியது. முறை முடிந்து தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தபோதுதான் அது நடந்தது. கூடத்துத் தூணைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தீர்கள். உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. என்னை யார் என்று கேட்டீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய் இப்படி வந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் ஏது சர்க்கரை? தம்பி கோயிலிலிருந்து அனுப்பியிருந்த சர்க்கரைப் பொங்கல்தான் இருந்தது. அதை வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். நாராயணா, அண்ணாமலையாரே என்று எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, மேல்துண்டு எங்கே என்று கேட்டீர்கள்.

டாக்டர் வந்தவர் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சாமி, இது தினமும் உண்டா?"

"முறை நாள்ல உண்டு. உச்சிக்காலப் பூஜை ஆனதும் என் பங்கு ஒரு தொன்னை. விசேஷம்னா ஜாஸ்தி."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே, சாமி?"

"நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டேள்? பிரசாதத்தைப் போய் யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாளா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரசாதத்தால் கூட்டிய ஊசியை, பிரசாதம் இல்லாத நாளிலும் அதே அளவில் போட்டிருக்கிறோம். தப்பு அவர் மேல் இல்லை, உங்கள் மேலும் இல்லை. எனக்கே அது தோன்றவில்லையே. நம் வீடுகளில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

பிறகு டாக்டர் சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லை. முறையைத் தம்பிக்கே விட்டுவிட்டு வீட்டோடு இருந்தால் நிறம் நீலமாகும், ஆயுசும் நீளும் என்றார். நான் உள்ளிருந்து தலையாட்டினேன். எனக்கு நீங்கள் இருந்தால் போதும். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "அந்தக் கண்ணாடிக் குழாய்க்காகவா நான் பொறந்தேன்? சுவாமியைத் தொட முடியாத உடம்பை வெச்சுண்டு நான் என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வந்தது. டாக்டருக்கு வரவில்லை. பிரசாதத்தைக் குறைக்க வேண்டாம், முறை நாட்களில் மத்தியானச் சோற்றைக் குறையுங்கள் என்று என்னிடம் சொன்னார். முறைக்கு ஒரு ஊசி அளவு, மற்ற நாட்களுக்கு வேறு அளவு என்று பிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேள்விகளே மாறிவிட்டன. அபிஷேகம் முடியும் வரை பிடிமானம் இல்லாமல் நிற்க முடிந்ததா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா, வெயிலில் கல் தரை சுடுவது காலுக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில்தான் நிறம் என்ன என்பார். நிறம் பெரும்பாலும் பச்சையில் நின்றது. அந்தப் பச்சையோடு பத்து வருஷத்துக்கு மேல் முறை செய்தீர்கள். உண்மையைச் சொன்னால் அவை நல்ல வருஷங்கள். சிடுசிடுப்பு குறைந்து, சமையலில் குற்றம் சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருந்தீர்கள்.

கடைசியில் கால் வீங்கியது, பார்வை மங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. நீங்களாகவே முறையைத் தம்பியிடம் கொடுத்தீர்கள். டாக்டர் ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் காலையில் குழாயைக் காய்ச்சினேன். நீலம் மாறவே இல்லை. எத்தனை வருஷம் காத்திருந்த நிறம் அது! குழாயை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தேன்.

"ஏன்னா, நீலம்! நல்ல நீலம்."

நீங்கள் குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி காலசந்திப் பூஜைக்குக் கிளம்பிட்டானோ?" என்று கேட்டீர்கள்.

டாக்டர் வந்தபோது அவரிடமும் காட்டினேன். நல்லது என்று அவர் சொல்லவில்லை.

"இன்னிக்கு சாமி என்னா செஞ்சாரு?"

ஒன்றும் செய்யவில்லை, கஞ்சிகூட இறங்கவில்லை என்றேன். இனிமேல் இதைக் காய்ச்ச வேண்டாம் அம்மா என்று சொல்லி, அவரே விளக்கை அணைத்தார்.

இப்போதெல்லாம் யார் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனாலும் சோதனையில் என்ன வந்தது என்று நான் கேட்பதில்லை. இன்று என்ன செய்தார் என்றுதான் கேட்கிறேன். ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் மட்டும், அவர்கள் கொடுக்கும் காபியைக் குடிக்க முடியாமல் எழுந்து வந்துவிடுகிறேன்.