கேட்டாங்க, சொன்னேன்

மார்ச் 30, ஞாயிறு

காலை ஆராதனை. திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும், வழக்கம்போலக் கைப்பைக்குள் கைக்குட்டை தேடினேன். ஞானதுரை அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து புறப்பட்டு எல்லோருக்கும் கை கூப்பிக்கொண்டே வருவான். அவன் என் வரிசையைத் தாண்டும்வரை கைக்குட்டை கிடைக்காது. தாண்டியதும் கிடைத்துவிடும். கூடப்பிறந்தவனிடம் பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

பிறகு போய் முழங்காலில் நின்று அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டேன். அண்ணனிடம் பேசாததும் இதுவும் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2, புதன்

விசைத்தறிச் சங்க ஆபீஸ். என் தலைக்கு மேலிருக்கும் மின்விசிறி ஓடவில்லை. மேலே எழுதிப் போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி சபையிலிருந்து ஏழு பேர் பேசுவோம். எனக்கு எப்போதும் ஐந்தாவது: தாகம். தாகத்தில் எனக்கு நல்ல பெயர். சங்கரன்கோவிலில், ஏப்ரல் மாதத்தில், பட்டினி கிடப்பவர்கள் முன்னால் மத்தியானம் தாகத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். சும்மா நின்றாலே ஜனங்கள் கண் கலங்கிவிடுவார்கள்.

புதிதாக வந்த குருவானவர் இந்த வருஷம் சீட்டுப் போட்டுவிட்டார். எனக்கு விழுந்தது முதல் வார்த்தை. மன்னிப்பு.

சீட்டை மடித்துத் திரும்ப நீட்டினேன். "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல ஐயா."

ஏப்ரல் 8, செவ்வாய்

பெண்கள் சங்கத்து வள்ளித்தாய்க்குத்தான் தாகம் விழுந்திருக்கிறது. வீட்டுக்கே போனேன்.

"ஏட்டி, தாகத்த எனக்குத் தா. மன்னிப்ப நீ எடுத்துக்கோ."

"நல்லாருக்கே! எங்க மாமியா முன்னாலதான் உக்காருவாவ. நான் மன்னிப்பப் பத்திப் பேசுனா எந்திச்சுப் போயிருவாவ."

காப்பி கொடுத்தாள். தாகத்தைக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மன்னிப்பு என்று தலைப்புப் போட்டேன். அடியில் கோடு போட்டேன். அவ்வளவுதான் வருகிறது.

எப்படி வரும்? என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் மகள் பியூலாவைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் அண்ணன். அவள் இந்துப் பையன் மாரிராஜைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது வாயைத் திறக்கவில்லை. மாரிராஜும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு அண்ணன் எழுந்தான். "பையன் கல்யாணத்துக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்திருக்கான். விசுவாசத்துக்கு இல்ல" என்றான்.

கமிட்டி கூடியது. விசாரிக்க வேண்டும் என்றார்கள். பியூலா ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். நாலு வருஷம் ஆகிறது. இந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

ஏண்ணே இப்படிச் செஞ்ச என்று கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்றான்.

கேட்டாங்களாம், சொன்னானாம்! கேட்டா சொல்லிரணுமா? அது பதிலுக்கா கேக்காவ? என் பிள்ள அன்னைக்குக் கோயில்ல தலை குனிஞ்சு உக்காந்திருந்தாளே, அவ மூஞ்சிய நான்லா பார்த்தேன். அவன் பாதிரி ஐயரப் பார்த்துல்லா பேசிக்கிட்டு நின்னான்.

போதும். தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டு ரோட்டில் பவனி போனோம். ராஜபாளையம் பஸ் ஒதுங்கி நின்றது. பிள்ளைகள் ஓலையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் முன்னால், நான் பின்னால், நடுவில் சபை முழுவதும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பியூலா போன் செய்தாள்.

"எம்மா, பாப்பாவுக்கு நம்ம கோயில்லயே ஞானஸ்நானம் குடுக்கப் போறோம். மே மாசம் வாரோம்."

அழுதுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஞானத்தகப்பனா மாமா நிக்காவ" என்றாள்.

"எந்த மாமா?"

"எனக்கு எத்தன மாமா இருக்காவ?"

போன வருஷமே அண்ணன் திருப்பூருக்குப் போயிருக்கிறான். எல்லார் முன்னாலயும் உன்ன அசிங்கப்படுத்திட்டேன், தப்பு என்னோடதுதான் என்று மாரிராஜிடம் சொல்லியிருக்கிறான். மாரிராஜ், "மொதல்ல சாப்பிடுங்க மாமா" என்றானாம். அதோடு முடிந்ததாம். அன்றிலிருந்து வாராவாரம் போனில் பேச்சாம்.

"ஏட்டி, உனக்காகத்தான் நான் அவங்கூட பேசாமக் கெடக்கேன்!"

"நான் பேசாதன்னு சொன்னேனா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமா பேர எடுத்தாலே போன வச்சிருதியேம்மா."

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

காரணம் போய்விட்டது. கோபம் மட்டும் இருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஆபீசில் மின்விசிறிக்கு நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தபோது தோன்றியது. சிலுவையில் அவர், "நான் உங்களை மன்னித்தேன்" என்று சொல்லவில்லை. மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்டார். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், இதைக் கவனிக்கவில்லையே! ஆணி இறங்கிய வலியிலும் அதை மேலே அனுப்பினார். அப்படியானால் நானும் அனுப்பலாம்.

ஒரு பக்கம் எழுதி முடித்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பேசினேன்.

"மன்னிக்க என்னால் முடியவில்லை" என்று ஆரம்பித்ததும் கோயிலில் இருமல்கூட நின்றுவிட்டது. "எங்கள் ஆபீசில் நம்மால் முடியாததை மேலே அனுப்புவோம். நானும் ஒன்றை இன்று பிதாவுக்கு அனுப்புகிறேன். அனுப்பிய பிறகு அந்த ஃபைலை நம் மேசையில் வைத்துக்கொண்டு தினமும் புரட்டக் கூடாது. அதுதான் எனக்குக் கஷ்டம். ஜெபித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. குருவானவர் கூடுதலாக ஒரு பாட்டுப் போட்டுச் சமாளித்தார். அண்ணன் பக்கம் நான் பார்க்கவில்லை.

வள்ளித்தாயின் தாகம் சுமார்.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் கஞ்சி. வருஷாவருஷம் ஒரு அண்டாவில் அண்ணன் ஊற்றுவான். நான் அடுத்த அண்டா வரிசையில் நிற்பேன். இன்று அவன் வரிசையில் போய் நின்றேன். பாத்திரத்தை நீட்டினேன். அவன் ஊற்றியதில் பாதி வெளியே சிந்தியது.

"துவையல் வைக்கட்டா?" என்றான்.

"வைண்ணே" என்றேன்.

கேட்டான், சொன்னேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. கர்த்தர் உயிர்த்தெழுந்தார். மின்விசிறி இன்னும் இல்லை.

மே 11, ஞாயிறு

பேத்திக்கு ஞானஸ்நானம். பியூலா கோயில் வாசலில் கொஞ்சம் நின்றாள். மாரிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, "வா, எல்லாரும் பாக்காங்க" என்றான். வந்தாள்.

தீமையை விட்டுவிடுகிறீர்களா, கர்த்தரை விசுவாசிக்கிறீர்களா என்று குருவானவர் பெற்றவர்களிடமும் ஞானப் பெற்றோரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும்படி பதில் சொன்னான். முன்வரிசையில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனிடம் கேட்டால் சொல்லத்தான் செய்வான்.

தலையில் தண்ணீர் பட்டதும் பாப்பா ஊரைக் கூட்டிவிட்டாள். அண்ணன்தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் கழுத்தெல்லாம் ஈரம்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அண்ணன் நடைபாதையில் வந்து என் வரிசைக்கு நேரே நின்றுவிட்டான். பிள்ளையை வைத்துக்கொண்டு கை கூப்ப முடியவில்லை. கைப்பையைத் திறந்தேன்.

கைக்குட்டை உடனே கிடைத்தது.