சாக்பீஸ் வட்டங்கள்

என் செல்ல மகளுக்கு,

இப்போதெல்லாம் பகலிலும் வீட்டில்தான் இருக்கிறேன். மதியம் கண் அசந்தால் விமான ஓடுபாதை தண்ணீராக விரிகிறது. நான் போட்ட சாக்பீஸ் வட்டங்கள் அதில் அல்லி இலைகளாக மிதக்கின்றன.

சுத்தியலால் தட்டியபோது கான்கிரீட் காலிக் குடம் போல ஒலித்த இடங்கள் அவை. அடியில் மண் போய்விட்டது என்று மேலிடத்துக்கு எழுதினேன். சோதனைக் குழு வருவதற்குள் மழை வட்டங்களை அழித்துவிட்டது. பெயின்டில் போட்டிருக்க வேண்டும். எனக்கே இடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு சார். காது டாக்டரைப் பாருங்க" என்றார்கள்.

அவர்கள் சொல்வதே சரியாக இருக்கட்டும். செவிடன் என்ற பேரோடு நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை நீ ரயிலிலேயே வா, கண்ணு.

இப்படிக்கு,
சுத்தியலை இன்னும் திருப்பிக் கொடுக்காத
உன் அப்பா