நீ கூட வந்தா போறேன்

பிரசவத்துக்காகப் பழைய நூல்சேலைகளைத் தேடிக் கிழித்துக்கொண்டிருந்தேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நீ கொடுத்த பச்சைச் சேலை வந்தது. கஞ்சி வாசம் இன்னும் போகவில்லை. கிழிக்கக் கை வராமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது இரண்டாவது, அடுத்த மாதம். உனக்கும் அது இரண்டாவதுதான். ஏழு வருடம் தாமதமாக எழுதுகிறேன்.

இங்கே ஆந்திராவில், நகரியில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீ திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். முதல் பிரசவம் அம்மா வீடு என்பதால், அங்கே ஆஸ்பத்திரியில், தமிழ் பேசும் நர்சுகளிடம் பெற்றுக்கொண்டு வந்தாய். இரண்டாவதைப் புகுந்த வீடுதான் பார்க்க வேண்டும். உனக்கு ரத்தம் குறைவு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று இங்கே செக்கப்பில் சொன்னார்கள். உன் மாமியாரோ, "எனக்கு அஞ்சும் ஊட்லதான் பொறந்துச்சு. எது செத்துச்சு?" என்றார். நீ எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தாய்.

சாய்த்தது நான்தான். என் முதல் பிரசவம் திருப்பதியில். அந்த நர்சு திட்டியதைத் தறிக்கொட்டகையில் நடித்துக் காட்டுவேன். இடுப்பில் கையை வைத்து, "ஏம்மா, ஊரிகே அரவொத்து!" என்பேன், சும்மா கத்தாதே என்று உனக்கு அர்த்தம் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். "இன்னொரு தபா செய்டி" என்று நீதான் கேட்பாய். எனக்கு ரத்தம் நிற்காமல் போனபோது அதே நர்சு ஓடி வந்து ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதை நான் ஒரு நாளும் நடிக்கவில்லை. சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் ஒரு சாயங்காலம், துணி காயப்போடும்போது கேட்டாய். "அவங்க தெலுங்குல திட்னா எனக்கு இன்னா புரியும்? நீ கூட வந்தா போறேன்டி."

ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனியில் சேர்ந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிகிரி படித்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. "புதுசா சேந்துகிறேன். லீவு குடுக்கமாட்டாங்கடி" என்றேன்.

"அப்போ உங்க கம்பெனியிலயே பெத்துக்கறேன். போனோட சேத்து டப்பாவுல போட்டு அனுப்பிடு" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

வலி எடுத்தபோது வீட்டிலேயே பார்த்தார்கள். மருத்துவச்சியைக் குறை சொல்லமாட்டேன். குழந்தையை நல்லபடியாகத்தான் எடுத்தாள். அப்புறம் வந்த ரத்தத்துக்கு அவளிடம் ஊசி இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு ஓடியிருக்கிறார்கள். நீ புத்தூர்கூடத் தாண்டவில்லை. நான் அப்போது வேலையில் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது சென்னையில் இருக்கும் என் நாத்தனார், வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்ளும் வீடியோக்களை அனுப்புகிறாள். "ஆஸ்பத்திரிக்காரங்க மனுஷங்களை மாடு மாதிரி நடத்தறாங்க அண்ணி" என்கிறாள். அதையும் பொய் என்று சொல்ல முடியவில்லை. என்னை அப்படித்தான் நடத்தினார்கள். அதே ஆட்கள்தான் என்னை உயிரோடு அனுப்பினார்கள். இரண்டையும் சேர்த்து அவளுக்குச் சொன்னேன். உனக்கு ஒன்றை மட்டும்தான் சொன்னேன்.

உன் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "அதுக்குத் தெலுங்கு வராது, பயந்துகினு போகல, யாரு இன்னா பண்றது" என்பார். தெலுங்கு தெரிந்த நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டுவேன். போன வாரம் தாங்கவில்லை. உன் வீட்டுக்காரர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நீ என்னைத் துணைக்குக் கூப்பிட்டதைச் சொன்னேன்.

தறியை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன்.

"லீவு கேட்டுப் பாத்தியாம்மா?" என்றார்.

"இல்லண்ணா. கேக்கவே இல்ல."

அவர் தறியை மறுபடி ஓட விட்டார். மீதியை அந்தச் சத்தத்தில் அவரிடம் சொல்ல முடியவில்லை. அது என்னிடமே இருக்கிறது. உனக்குத்தான் சொல்ல வேண்டியது. நீ போன மூன்றாம் மாதம், தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர் தலையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டு நாள் எழுதிக் கொடுத்தார்.