சனிக்கிழமை ரவை

கோட்-டெ-நெய்ஜ், மாண்ட்ரியல்
ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்குப் பத்மா எழுதுவது. இங்கே நானும் இவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அத்தானுக்கு இருமல் நின்றதா? இங்கே சித்திரை பிறந்தும் பனி கொட்டுகிறது.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தை மாதத்திலிருந்து டப்பாவில் ரவை குறைகிறது. சனிக்கிழமையானால் இவர் ஒரு பொட்டலம் மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, லைப்ரரிக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். லைப்ரரிக்கு எதற்கு ரவை? எவளோ இவருக்கு உப்புமா கிண்டிப் போடுகிறாள் என்றே முடிவுகட்டினேன். சிரிக்காதே, வயிறு எரிந்தது.

போன வாரம் பின்னாலேயே போனேன். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் உமர் வீடு. மாலி நாட்டுக்காரர், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், பார்களில் கிட்டாரும் வாசிப்பார். கதவு திறந்திருந்தது. உமர் சுருதி கூட்டுகிறார். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் பிசைந்த ரவையை அப்பிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் கனத்த நாதம் வருமாம். டாக்டர் வீட்டில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும். அந்த மிருதங்கம் எப்போது இந்த ஊருக்கு வந்ததென்று இன்னும் எனக்குத் தெரியாது.

உமர்தான் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். அவர் ஊரில் பாட்டு ஒரு குலத்தாருக்கே உரியதாம். விவசாயி மகனான உமர் கிட்டாரைத் தொட்டதற்கு அப்பா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அமெரிக்கக் கறுப்பர்கள் பாடும் ப்ளூஸ் பாட்டை முதலில் ரேடியோவில் கேட்டபோது, இது எங்கள் ஆற்றங்கரைப் பாட்டாயிற்றே என்று அழுதாராம். அப்புறம் இருவரும் வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது அக்கா, அதுதான் பயம்.

இவரும் தம் அப்பாவுக்குப் பயந்து மிருதங்கத்தை விட்டவராம். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், நீ கேலி செய்வாய் என்றிருந்தேன் என்கிறார். நான் நம்பவில்லை.

உமர் ஜூனில் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறார், அப்படியே மாலிக்கும் திரும்புகிறார். முந்தாநாள் இவர், ஜூனில் நீ திருச்சிக்குப் போய் அக்காவோடு இருந்துவிட்டு வா என்றார். எப்போது திரும்ப என்றால், பார்க்கலாம் என்கிறார். நீங்களும் வரலாமே, ஆபீசில் லீவு கேட்டீர்களா என்றால் பேச்சை மாற்றுகிறார். ஒருத்தி இருந்தால் சண்டை போட்டுத் துரத்தலாம். இந்த மிருதங்கத்தோடு என்னவென்று சண்டை போடுவது?

என்னை அனுப்புவதாக உங்களுக்கும் எழுதுவார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், இந்தக் கோடையில் பத்மாவுக்கு இடமில்லை என்று அத்தானை விட்டு ஒரு வரி எழுதச் சொல். உன்னைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் நான் இங்கே இருந்தால்தான் இவரும் இருப்பார்; வரவேண்டாம் என்றே எழுது.

உன் தங்கை,
பத்மா