மேசைக்காலுக்கு அடியில் கிடந்த எங்கள் திருமண அறிவிப்பு

அனுப்புநர்:
மணப்பெண் (வயது 52),
சலவைக்கூட மேற்பார்வையாளர்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
திருமணப் பதிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: எங்கள் முப்பது நாள் அறிவிப்பைப் பத்தொன்பதாம் நாளே கழற்றிவிட்டு, மறுபடியும் முப்பது நாள் காத்திருக்கச் சொன்ன எழுத்தர் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சட்டம் தெரியாமல் வந்து கத்துகிறவள் என்று தங்கள் எழுத்தர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். ஆகவே எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மணமக்களுக்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியவர்கள். முந்தைய மணம் நீடிக்கக்கூடாது. என் கணவரின் இறப்புச் சான்றிதழின் மூன்று நகல்களைக் கொடுத்திருக்கிறேன். மணமகன் இதுவரை மணமாகாதவர். சாட்சிகள் மூவரும் தயார். மிச்சமிருந்தது, எங்கள் அறிவிப்பு தங்கள் பலகையில் முப்பது நாள் ஊரார் கண்ணில் பட வேண்டும் என்பது ஒன்றுதான்.

2. நான் மணக்கவிருப்பவர் எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அழுக்குத் துணி வண்டியோடு நான் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்று பழக்கமானவர். இப்போது அங்கேயே மூன்றாம் மாடியில் நோயாளியாகப் படுத்திருக்கிறார். நாளை மறுநாள் இதய அறுவை சிகிச்சை. உறவினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அவருக்கு உறவென்று யாரும் இல்லை. அவர் படுக்கும் விரிப்பைத் தினமும் துவைத்து அனுப்புகிறவள் நான். அந்தக் கட்டிலருகே நிற்க எனக்கு அனுமதியில்லை. என்ன உறவு என்று காவலாளி கேட்கிறார். வாசலோடு திரும்பி வருகிறேன்.

3. பத்தொன்பதாம் நாள், தங்கள் அலுவலகச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் பலகையைக் கழற்றினார்கள். மறுநாள் விசாரித்தபோது எழுத்தர், “போர்டு இல்லாத நாளெல்லாம் கணக்குல வராதும்மா. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிங்க. இந்த வயசுல என்ன அவசரம்?” என்றார். அறிவிப்புத் தாள் எங்கே என்றேன். தெரியாது என்றார். அது அவர் மேசை ஆடாமலிருக்க, நான்காக மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. தாளில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் மணமகன் முகத்தின் மேல் மேசைக்கால் பதிந்த வட்டம் இன்னும் இருக்கிறது. நானே குனிந்து உருவினேன். மேசை சாய்ந்து எழுத்தரின் தேநீர் கோப்புகள் மேல் கொட்டியது. அதற்காக நான் வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

4. அன்றிலிருந்து பதினோரு நாளாக, அதிகாலை ஷிப்ட் முடித்து வந்து, பலகை இருந்த இடத்தில் அந்தத் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அலுவலக நேரம் முழுக்க நிற்கிறேன். விடுமுறை நாள்களில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றேன். பத்திரம் எழுதுகிறவர் மனம் பொறுக்காமல் நாற்காலி போட்டார். உட்கார்ந்தால் அந்த நாளும் கணக்கில் வராது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் உட்காரவில்லை. பலகையில் இருந்தவரை யாரும் சீண்டாத தாளை இப்போது வந்தவர் போனவர் எல்லோரும் படித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் நானே கேட்டேன். ஒருவருக்கும் இல்லை.

5. இன்றோடு முப்பது நாள் நிறைகிறது. மணமகன் வர இயலாதபோது பதிவு அதிகாரி அவர் இருக்கும் இடத்துக்கே வரலாம் என்பதையும் படித்துவிட்டேன். நாளை காலை தாங்கள் பதிவேட்டோடு மூன்றாம் மாடிக்கு வர வேண்டும். இது நான் கேட்கும் சலுகை அல்ல. ஒரு சிரமத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்: படிக்கட்டில்தான் ஏற வேண்டியிருக்கும். லிஃப்ட் ஓடவில்லை. பழுது பார்ப்பவர் படுத்திருக்கிறார்.

இடம்: தங்கள் அலுவலக முன்கூடம், பலகை இருந்த சுவரோரம்
நாள்: அறிவிப்பின் முப்பதாம் நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
மணப்பெண்