நீ நிறுத்தச் சொல்லாத வண்டி

என் அன்பான கார்க்காரம்மாவுக்கு,

நகரியில் நம் தெருவே உன்னை அப்படித்தான் கூப்பிட்டது. உனக்கு அதில் பெருமை, நைனாவுக்குக் கொஞ்சம் கூச்சம். இன்றைக்கும் யாராவது வழி கேட்டு வந்தால் ‘கார்க்காரம்மா வீடு’ என்றுதான் கை காட்டுகிறார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன்.

உன் வருஷத் திவசத்துக்கு லீவு போட்டு வந்தேன். திவசம் முடிந்த மறுநாளே எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குவைத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரில் நாள் முழுக்க நின்று பழகிய கால்கள். மாடிக்குப் போனேன், இறங்கினேன், தெருமுனை வரை போய்த் திரும்பினேன். நாலா பக்கமும் பவர்லூம் சத்தம். நம் தறிகளை நைனா வாடகைக்கு விட்டுவிட்டார், அம்மா. அவை ஓடுகின்றன, அவர் கிட்டே போவதில்லை.

“இன்னாடா, கூண்டுல போட்ட நரி மாதிரி சுத்திக்கினே கீற?” என்றார். கேட்டுவிட்டு அவரும் எழுந்து வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், மறுபடியும் போனார்.

திருப்பதியிலிருந்து வந்திருந்த செல்விதான் பேச்சை எடுத்தாள். உன் பெண் எப்போதும் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள் அல்லவா?

“அந்தக் கார வித்துடலாம்ணா. நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. நீ போயிடுவ. சும்மா துரு புடிச்சிக்கினு கெடக்கும்.”

“அது அவ வண்டி” என்றார் நைனா.

செல்வியும் விடவில்லை. “நீயாவது சொல்லுண்ணா” என்று என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? என் சம்பளத்தில்தான் வாங்கினாய், ஆனால் வண்டி உன் யோசனை. சென்னையில் யாரோ புது மாடலுக்கு மாறியபோது கைமாறி வந்த வெள்ளைக் கார். ஐம்பதைத் தாண்டிய வயதில் புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாய். அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் “க்ளட்ச் வதலண்டி அம்மா, வதலண்டி” என்று க்ளட்ச்சிலிருந்து காலை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியதை நீ போனில் நடித்துக் காட்ட, நான் கவுண்டரில் நின்று சிரித்தேன். தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனாய். நைனாவையும் கற்றுக்கொள்ளச் சொன்னாய். “கால் ரெண்டுதான் கீது, மிதிக்கறது மூணு கீதே” என்று அவர் தப்பித்துக்கொண்டார். பிறகு எங்கே போனாலும் இடது சீட்டு அவருடையது.

செல்வி ஊருக்குத் திரும்பியதும் நான் ஷெட்டுக்குப் போனேன். வண்டிக்கு அடியில் எண்ணெய் கறுப்பாகத் தேங்கி நின்றது. ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. உள்ளூர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார். தயிராடை போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

“ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு சார். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினை எறக்கணும். இந்த வண்டிக்கு அவ்ளோ செலவு பண்ணணுமான்னு யோசிச்சிக்கோங்க.”

நைனா பக்கத்தில்தான் நின்றார். முகம் செத்துவிட்டது. “ஒரு வருஷம் நல்லாத்தானே பாத்துக்கினேன்” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் மலையாளி மெக்கானிக் ஒருவருக்கு குவைத்துக்கே போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னதும் அவர் கேட்டார்: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? போய்ப் பார்த்தேன், குறையவில்லை. அளவு பார்க்கும் கம்பியில் எண்ணெய் எப்படி இருக்கிறது? கறுப்புத்தான், பால் கலரில் இல்லை.

“அப்படின்னா கேஸ்கெட்டா இருக்காது. பி.சி.வி. வால்வைக் கழட்டிப் பாரு” என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்: “வண்டி ஓடுதா, இல்ல யாராவது சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறாங்களா?”

ஸ்டார்ட் செய்ய யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

பி.சி.வி. வால்வு! எத்தனை பேருக்கு அதை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த டப்பா, எந்த வரிசை, எல்லாம் தெரியும். வண்டியில் அது எங்கே இருக்கும் என்று மட்டும் தெரியாது. அவரே போனில் சொல்லிக்கொடுத்தார். இன்ஜின் ஓடும்போது உள்ளே புகையும் ஆவியும் சேருமாம். அதை ஒரு குழாய் வழியாக இழுத்து மறுபடியும் எரிக்க அனுப்ப வேண்டும். அந்த வழியில் விரல் அளவுக்கு உட்காரும் வால்வு அது. அடைத்துக்கொண்டால் ஆவி போக வழியின்றி உள்ளேயே தங்கிக் குழம்பாகிவிடும். அழுத்தம் ஏறி எண்ணெயைச் சந்து பொந்தெல்லாம் வெளியே தள்ளும்.

மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று ஸ்பேனரோடு பின்பக்க ஷெட்டுக்குப் போனேன். வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

நைனா உள்ளே இருந்தார். உன் சீட்டில் இல்லை, அம்மா. இடது சீட்டில் அவருடைய இடத்திலேயே உட்கார்ந்து, சாய்ந்து கை நீட்டிச் சாவியைத் திருகியிருக்கிறார். முன்கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சாய்ந்து வண்டியை அணைத்தார். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல இறங்கினார்.

“டெய்லி பண்றியா நைனா?”

“ஆமா. பேட்டரி எறங்கக் கூடாதுல்ல.”

குவைத் மெக்கானிக் கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் ஆவி எங்கே போகும்? ஒரு வருஷமாக அது உள்ளேயே தங்கிவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நீயே சொல், நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா? நான் சொல்லவில்லை. பானட்டைத் தூக்கினேன்.

குழாயைப் பிடுங்கியபோது கெட்டியாகிப் போன ரப்பர் ஒடிந்து கையோடு வந்தது. வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். நல்ல வால்வு உள்ளே ‘டக் டக்’ என்று ஆட வேண்டும். இது ஊமையாக இருந்தது. பெட்ரோலில் ஊறப்போட்டு, துணி சுற்றிய குச்சியால் துடைத்தேன். கறுப்பு மசி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதும் அது அசையவில்லை.

புத்தூருக்கு ஓடினேன். “ஏ மாடல் அன்னா?” என்று தெலுங்கில் மாடல் கேட்டார் கடைக்காரர். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன். புது வால்வு, குழாய், எண்ணெய், ஃபில்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பழைய எண்ணெயை வடித்து, மூடியைக் கழுவி, எல்லாவற்றையும் மாட்ட வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கை நழுவி விரல் முட்டியில் ரத்தம். நைனா ஷெட்டுக்கு உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார்.

“உயிர் வருமாடா?”

“பாக்கலாம். ஒரு காகிதம் கொண்டா நைனா.”

தினக் காலண்டரில் அன்றைய தாளையே கிழித்துக் கொண்டுவந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, எண்ணெய் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயின்மேல் தாளை வைக்கச் சொன்னேன். உள்ளே இன்னும் அடைப்பிருந்தால் புகை தாளைத் தூக்கி எறியும். நைனா பயந்து பயந்து வைத்தார். தாள் பறக்கவில்லை. நடுவில் மெல்லக் குழிந்து வாயோடு ஒட்டிக்கொண்டது.

“இஸ்துக்கினு கீது! டேய், இஸ்துக்கினு கீதுடா!” என்று கத்தினார். உன் காரியத்துக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும் என்று குவைத் மெக்கானிக் சொல்லியிருந்தார். திருப்பதி வரை போகலாம் என்றேன். நைனா சட்டை மாற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறினார். புத்தூர் தாண்டும்போது பின்னால் பார்த்தேன். புகை மெலிந்துகொண்டே வந்தது. வடமாலபேட்டையில் டீக்கு நிறுத்தினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரே கேட்டுவிட்டார்.

“நான் டெய்லி ஸ்டார்ட் பண்ணதாலதான் கெட்டுச்சா?”

எனக்குப் பொய் வரவில்லை. “வண்டி ஓடணும் நைனா. நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணி அணைச்சா உள்ள ஈரம் சேந்துடும்.”

அவர் ஒரு வாய் டீ குடித்தார். பிறகு சொன்னார்:

“ஆஸ்பத்திரிக்கு வேன்ல ஏறும்போது அவ சொன்னா. நான் வர்ற வரைக்கும் டெய்லி ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு, பேட்டரி எறங்கிடும்னு. பண்ணிக்கினே இருந்தேன். போதும்னு அவ சொல்லலியேடா.”

அம்மா, வயிற்று வலி என்று போன நீ திரும்பி வரவில்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ கடைசியாக வீட்டில் என்ன சொன்னாய் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பேட்டரியைப் பற்றித்தான் சொன்னாயா? வலியிலும் அதுதான் நினைவுக்கு வந்ததா? இல்லை, நீ இல்லாத வீட்டில் அவருக்குக் காலையில் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தாயா? தெரியவில்லை. நான் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

செல்வி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் வெளியே வந்து பார்த்தாள். அவளைத் தனியே அழைத்து நைனா சொன்னதை அப்படியே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாவி குடு” என்றாள். நீ கட்டாயப்படுத்தி அவளுக்கு லைசென்ஸ் எடுத்துவைத்தாயே! நீ போனபிறகு அவள் அந்த சீட்டில் உட்காரவே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். நைனா இடது பக்கம் நெளிந்துகொண்டே இருந்தார்.

“நைனா, டெய்லி ஸ்டார்ட் பண்றது போதும். நான் சொல்றேன், போதும். ஞாயித்துக்கெழம நான் வரேன். ரெண்டு பேரும் எங்கியாவது தூரமா போலாம்.”

“விக்கலியா?” என்றார் அவர்.

“வாய மூடிக்கினு பெல்ட்டு போடு.”

நான் புறப்பட்ட நாளில் அவள்தான் சென்னை விமான நிலையம் வரை ஓட்டி வந்தாள். எண்ணெய்க் கசிவு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்; ஒரு துளி இன்னும் விழுகிறது. ஆனால் புகை இல்லை. செல்வி போனில் சொன்னாள்: நான் கிளம்பிய வாரம் காணிப்பாக்கம், அடுத்து வரதய்யபாளையத்தில் யாரோ சொந்தக்காரர் வீடு, இப்படி நைனாவே ஊர் ஊராகச் சொல்கிறாராம். தறிக் கூடத்துக்கும் போய் எட்டிப் பார்க்கிறாராம். காலையில் மட்டும் இன்னும் ஷெட்டுக்குப் போய் நிற்கிறாராம், சாவி இல்லாமல். அதை அவள் தடுக்கவில்லை.

விமான நிலையத்தில் நான் பெட்டியை இறக்கும்போது அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: “நீ எப்போடா ஒரேடியா வருவ?” வாய்க்கு வந்தது, “பாக்கலாம் நைனா” என்றேன். உன்னிடமும் ஒவ்வொரு தடவையும் அதைத்தானே சொன்னேன்? அவர் தலையாட்டினார். இங்கே வந்து கவுண்டரில் நிற்கிறேன்; கை சாமான் எடுத்துக் கொடுக்கிறது, அந்தத் தலையாட்டல் கண்ணை விட்டுப் போகவில்லை. வருகிறேன் என்று சொன்னால் அவர் நாள் எண்ணிக் காத்திருப்பார். வரவில்லை என்றால் எண்ணாமல் இருப்பார். பாக்கலாம் என்றால் என்ன செய்வார்?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அம்மா. இந்தக் கடையில் என் வேலை ஒப்பந்தம் முடிவதற்குள் நைனாவுக்கு ஒன்று சொல்வேன்: வரேன், இல்லை வரலை. எதுவாக இருந்தாலும் நேராகச் சொல்வேன். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை இனி அந்த மனுஷனிடம் சொல்லமாட்டேன்.

உன் வயிற்றில் பிறந்து கடல் தாண்டி நிற்கும்
உன் மூத்த மகன்.