அலமாரிக்குள் ஒரு கோடை

என் பிடிவாதக்காரனுக்கு,

கான்பெராவில் மூன்று நாளாக உறைபனி. வெளியே வைத்திருந்தால் உன் கஞ்சாச் செடி என்றைக்கோ கருகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் துணி அலமாரிக்குள் நீ மாட்டிய ஆறு எல்இடி பல்புகளின் கீழ் அது பச்சைப்பசேலென்று நிற்கிறது. கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில்தான் தேநீர் குடிக்கிறேன். கொஞ்சம் அயர்ந்தால் போதும், நாம் கூடாரம் போட்ட கடற்கரையின் ஜனவரிக் கோடை வெயில் முகத்தில் அடிக்கிறது. உன் சட்டைகளிலெல்லாம் இலை வாசம்.

பக்கத்து வீட்டு மெர்வ் நேற்று எட்டிப்பார்த்துச் சிரித்தான்.

"தோட்டத்துல வளத்தா இந்த ஊரு சட்டம் விட்டுரும், விளக்கு போட்டு வளத்தா போலீஸு வரும்னு அவன்கிட்ட சண்டை போட்டியே, இப்ப நீயே அணைக்க மாட்டேங்குற! தெனமும் பன்னெண்டு மணி நேரம் முழு இருட்டு குடுத்தாத்தான் பூக்கும். அவன் வலிக்கு மருந்தே பூவுலதான் இருக்கு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதை நீ கதவிலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாய். ஆனால் கிளம்பும்போது, "அது பூக்கறதப் பாத்துட்டுத்தான்டி கண்ண மூடுவேன்" என்றாயே. அதனால்தான் ஏழு வாரமாக நான் ஸ்விட்சைத் தொடவே இல்லை.

இன்று காலை போனில், வலியை மறைக்க நீ சிரித்தது எனக்குக் கேட்டது. போனை வைத்ததும் எழுந்து போய் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு விளக்கை அணைத்துவிட்டேன்.

முழுசாய்ப் பூத்து முற்ற எட்டு வாரமாவது ஆகும் என்கிறான் மெர்வ். சொன்ன சொல் தவறாதே.

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்
உன் மனைவி